இளவேனிலின் முதற்குறியும் ஏரிக்கரையின் கடமையும்

பின்பனிக் காலத்தின் கடைக்கூற்றில், மாசித் திங்கள் முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில், தொண்டை நாட்டு ஏரிக்கரை ஊர் ஒன்றில் வைகறைப் போதில் நின்று பார்த்தவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். வசந்தம் அங்கே முரசறைந்து கொண்டு வருவதில்லை. முதல் நாள் வரையில் உடம்பை நடுக்கிய வாடை நின்று, தெற்கிலிருந்து மெல்லிய காற்று ஒன்று தொடங்கியிருக்கும். கரையடியிலுள்ள அரசமரம் பழுத்த இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, கிளை நுனிகளில் செப்புத் தகடு போன்ற தளிர்களைக் காட்டிக்கொண்டிருக்கும். புங்க மரத்தில் நேற்று வரை சருகு. இன்று பளபளக்கும் இளம்பச்சை. கல்யாண முருங்கை ஓர் இலையுமின்றிச் செந்நிறப் பூக்களைச் சூடி நிற்கும். மாமரத்தில் பூ முடிந்து வடு பிடித்திருக்கும். எங்கிருந்தோ ஒரு குயில், பல மாதங்களாகப் பேச மறந்திருந்தது போல, ஒரு முறை கூவிப் பார்த்துவிட்டு அடங்கும்.

ஏரியிலும் அந்த மாற்றம் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கரையை முட்டி நின்ற நீர், சம்பாப் பயிருக்குப் பாய்ந்தும் வெயிலில் காய்ந்தும் உள்வாங்கியிருக்கும். நீர் விலகிய இடத்தில் ஈரச்சேறு வெடிக்கத் தொடங்கும். களத்து மேட்டில் வைக்கோற்போர் எழுந்திருக்கும். ஊரில் அறுவடையின் அலுப்பும் நிறைவும் ஒருங்கே நிலவும்.

பருவங்கள் அனைத்தும் எம்பெருமானுடைய உடைமையே. எனினும் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் தன் விபூதிகளை எடுத்துரைக்கும் கண்ணன், பருவங்களுள் வசந்தத்தைத் தனித்தெடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டான். ஸ்ரீராமபிரான் அவதரித்ததும் சைத்திர மாதத்து நவமியில், வசந்தத்தின் வாசலில்தான். ஆகவே இப்பருவத்தின் முதற்குறிகளைக் காணும் வைணவனுக்கு, அவை வெறும் தளிரும் பூவும் மட்டுமல்ல. வரப்போகும் ஒருவனுடைய திருவடி ஓசையுமாகும்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. அரசமரத்தைத் தளிர்க்கச் செய்ய ஊரார் எந்த முயற்சியும் செய்யவில்லை. தென்றலுக்கு எவரும் அழைப்பு விடுக்கவில்லை. வசந்தம் தானே வந்தது. இறையருளும் அவ்வாறே தானே வருவதென்றால், மனிதன் செய்யத்தக்கது எது? கைகட்டிக் காத்திருப்பதா? அல்லது, நம் முயற்சியால்தான் அருள் வருகிறதென்று எண்ணி ஓய்வின்றி உழைப்பதா? இவ்வினா பண்டிதர்கள் வாதிடுவதற்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு நாளும் விடை கேட்டு நிற்பது.

நம் பூர்வாசாரியர்கள் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தார்கள். தாய்க்குரங்கைத் தானே பற்றிக்கொள்ளும் குட்டியை ஒரு சாரார் உவமையாக்கினர். தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்லும் குட்டியை மற்றொரு சாரார் உவமையாக்கினர். இவ்விரண்டில் எது மேல் என்று முடிவு கூறும் தகுதி அடியேனுக்கு இல்லை. ஆயினும் இரு சாராரும் உடன்படும் இடம் ஒன்று உண்டு. சேதனனுடைய செயல் எதுவும் அருளுக்கு விலையாகாது. எம்பெருமானே சித்தோபாயம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அப்படியானால் நம் கை செய்யும் வேலைக்கு என்ன பொருள்? இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அந்த ஏரிக்கரையே போதும்.

கரை கட்டுவோர் கண்ட நெறி

நகரத்தார்க்கு இளவேனில் பூக்களின் காலம். ஏரிக்கரை ஊராருக்கோ அது மண்வெட்டியின் காலமும் ஆகும். நீர் உள்வாங்கியதும் கரையின் உட்புறம் வெளிப்படும். மழைக்காலம் முழுவதும் அலை அரித்த இடங்களும், நண்டு வளைகளும், எலிப் பொந்துகளும், மாடுகள் ஏறி இறங்கிச் சரித்த தடங்களும் அப்போதுதான் கண்ணுக்குப் படும். மதகின் கல் அசைந்திருப்பதும், வரத்துக்கால் தூர்ந்திருப்பதும், கலங்கல் விரிசல் விட்டிருப்பதும் தெரியும். பங்குனி முதல் வைகாசி வரையில் வீட்டுக்கு ஓர் ஆள் எனக் கூடி, ஏரியின் வயிற்றிலிருந்து மண் எடுத்துக் கரைக்கு இட்டு, வண்டலை வயலுக்குச் சுமந்து செய்த அந்தப் பணியைக் குடிமராமத்து என்று நம் முன்னோர் அழைத்தனர்.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. பங்குனியில் கரை கட்டுகிறவன் எதிர்நோக்கும் மழை, ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை. இடையில் ஆறேழு மாதங்கள். வானில் ஒரு முகிலும் இல்லாத வெயிலில், வரும் என்ற உறுதிப் பத்திரம் எதுவும் இல்லாத மழைக்காக, அவன் மண் சுமக்கிறான். அவனிடம் சென்று, "நீ கரை கட்டுவதால்தான் மழை பெய்கிறதா?" என்று கேட்டால் நகைப்பான். கரை கட்டுவது மழையை வருவிப்பதற்கன்று. வந்த மழையை இழக்காமல் இருப்பதற்கு. அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக உரைக்க அடியேனுக்குத் தெரியவில்லை.

இந்நெறி நேற்று இன்று தோன்றியதன்று. செங்கற்பட்டுச் சீமையை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. ஊராட்சிக்குரியவர்களைக் குடவோலை வழியே தெரிந்தெடுக்கும் முறையை அவை விரித்துரைக்கின்றன. அவ்வாறு அமைந்த வாரியங்களுள் ஏரிக்கென்றே தனி வாரியம் ஒன்று இருந்தது. அதில் அறுவர் பணிபுரிந்தனர். அக்கல்வெட்டுகள் இருக்கும் இடம் வைகுந்தப் பெருமாள் கோயில். ஏரியைக் காக்கும் கடமையை எம்பெருமானுடைய சந்நிதிச் சுவரிலேயே பொறித்து வைத்தவர்கள், அக்கடமையை உலகியல் என்று ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

மதுராந்தகத்தில் எழுந்தருளியிருக்கும் கோதண்டராமரை ஏரி காத்த ராமர் என்று உலகம் போற்றுகிறது. கிளியாற்று நீரை ஏந்தி நிற்கும் அவ்வூர்ப் பேரேரியின் கரை, பெருமழைக் காலங்களில் உடைவதும் செப்பனிடப்படுவதுமாக இருந்ததாம். கும்பினி ஆட்சியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, 1798ஆம் ஆண்டில், கரை உடையாது நின்றால் தாயார் சந்நிதித் திருப்பணியைத் தாமே முடித்துத் தருவதாகச் சொன்னார் என்றும், அடைமழை பெய்த இரவில் கரையைக் காணச் சென்றவர் வில்லேந்திய இரு வீரர்கள் அங்கே காவல் புரிவதைக் கண்டார் என்றும், பொழுது விடிந்தபோது கரை சிறிதும் குலையாது நின்றது என்றும் தல வரலாறு கூறுகின்றது. ஜனகவல்லித் தாயார் சந்நிதி அவருடைய வாக்குறுதியின்படி அமைந்தது.

இவ்வரலாற்றைக் கேட்டு உள்ளம் உருகுகிறோம், உருகத்தான் வேண்டும். ஆனால் அதிலிருந்து தவறான பாடத்தைக் கற்றுவிடலாகாது. இராமபிரான் அன்றிரவு கரையைக் காத்தான். இல்லாத கரையைக் காக்கவில்லை. பல தலைமுறை மக்கள் கூடை கூடையாக மண் கொட்டி எழுப்பிய கரை அது. மனிதனுடைய கை ஓய்ந்த இடத்திலிருந்து அவனுடைய வில் காவலைத் தொடங்கிற்று என்றே கொள்ள வேண்டும். காப்பவன் இருக்கிறான் என்பதற்காகக் கரையைக் கட்டாமல் விடுவது பக்தியன்று. அது அவனுடைய காவலை வேலையாள் காவலாக எண்ணுவதாகும்.

அதே மதுராந்தகத்துச் சுற்றுவட்டத்தில் உள்ளது வேடந்தாங்கல். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அங்குள்ள சிற்றேரியை நாடிப் பறவைகள் வருகின்றன. கூழைக்கடாவும், நத்தைகுத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. இளவேனிலின் முதற்குறி தோன்றும் பொழுதில் அக்குஞ்சுகள் சிறகு முற்றிப் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த நீர் பாயும் வயல் நன்கு விளையும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டுத் தடை ஆணை பெற்றனர். 1798இல் அவ்வுரிமையை எழுதிக் கொடுத்தவரும் அதே பிளேஸ் துரைதான்.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளை அழைத்து வரவில்லை. அழைக்கவும் இயலாது. வருபவை அஞ்சாமல் இறங்குவதற்கான இடத்தைக் காத்தார்கள், அவ்வளவே. தானாக வருவதன் பொருட்டு மனிதன் செய்யக்கூடிய வேலை இவ்வளவுதான் போலும்: வரும் இடத்தைப் பழுதுபடாமல் வைத்திருத்தல், வந்ததை விரட்டாதிருத்தல்.

நாளை என்னாத நெஞ்சம்

கரை கட்டும் நெறியில் மற்றொரு நுட்பமும் உண்டு. அது காலம் பற்றியது. முதல் தளிரைக் கண்டவுடன் எழுந்தவனுக்கு மூன்று மாதம் கிடைக்கும். "இன்னும் பனி முழுவதும் நீங்கவில்லையே, பார்ப்போம்" என்றிருந்தவனுக்குக் கோடை மழையின் முதல் இடியில்தான் கரையின் நினைவு வரும். குறி சிறிதாக இருக்கும்போதே அதனை நம்பி எழுவதா, எவரும் மறுக்கவியலாதபடி அது பெரிதாகும் வரை காத்திருப்பதா என்பது ஒருவனுடைய அறிவைப் பொறுத்ததன்று. அவன் உள்ளத்தின் ஈரத்தைப் பொறுத்தது.

இதற்குச் சான்றும் மதுராந்தகத்திலேயே உண்டு. இளையாழ்வார் என்னும் திருநாமத்தோடு காஞ்சியில் வாழ்ந்த நம் இராமாநுசர், பெரிய நம்பியை ஆசிரயிக்கத் திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். அவரை அழைத்துவரப் பெரிய நம்பி திருவரங்கத்திலிருந்து காஞ்சி நோக்கிப் புறப்பட்டார். இருவரும் சந்தித்த இடம் மதுராந்தகத்து ஏரி காத்த பெருமாள் கோயில். பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளுமாறு இளையாழ்வார் வேண்ட, காஞ்சி சென்று பேரருளாளன் சந்நிதியில் செய்து கொள்ளலாமே என்றார் நம்பி. இளையாழ்வார் அதற்கு இசையவில்லை. முன்பு ஒருமுறை ஆளவந்தாரைச் சேவிக்கத் திருவரங்கம் விரைந்து சென்றும், அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்ட பின்னரே போய்ச் சேர நேர்ந்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. நிலையில்லாத உடம்போடு ஒரு நாளும் தாமதிக்கலாகாது என்று அவர் மன்றாட, அங்கேயே, மகிழ மரத்தடியிலேயே, பெரிய நம்பி அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார் என்று குருபரம்பரை கூறும். இதனால் அத்தலத்துக்குத் துவயம் விளைந்த திருப்பதி என்னும் பெருமையும் உண்டாயிற்று.

காஞ்சி அங்கிருந்து அதிகத் தொலைவன்று. சந்நிதியும் சிறந்தது, பேரருளாளன் திருமுன்பைவிடப் பொருத்தமான இடம் ஏது? ஆயினும் சிறந்த இடத்துக்காகவும் சிறந்த நேரத்துக்காகவும் அவர் காத்திருக்கவில்லை. ஆசாரியனே எதிர்வந்து நின்ற அந்தக் கணத்தை முதற்குறியாகக் கொண்டார். குருபரம்பரை நமக்குக் கற்பிக்கும் விரைவு இது.

இவ்வளவு எழுதும் அடியேன் அவ்விரைவைக் கடைப்பிடித்தவனல்லன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். எங்கள் ஊரும் ஏரிக்கரை ஊரே. ஏரிப் பாசன முறைநீர் பற்றி அடியேனுக்கும் அடியேனுடைய தம்பிக்கும் எழுந்த பிணக்கு, பேச்சற்றுப் போய்ப் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு மாசி மாதத்தில், பொதுவில் நின்ற மாமரத்து வடுவை ஒரு சிறு கூடை நிறையப் பறித்து, தன் மகள் கையில் கொடுத்தனுப்பினான் அவன். "பெரியப்பா, அப்பா கொடுக்கச் சொன்னார்" என்று குழந்தை வாசலில் நின்றாள். வடுவை வாங்கிக்கொண்டு கூடையை அவளிடம் கொடுத்தேன். கொண்டு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது என்பது நம் இல்லங்களின் வழக்கம். நான்கு கற்கண்டோ, ஒரு பிடி அரிசியோ போட்டு அனுப்புவது என் கைக்குத் தெரியாததன்று. ஆயினும் அன்று வெறுங்கூடையைத்தான் கொடுத்தேன். வருஷப் பிறப்பன்று நானே நேரில் சென்று பேசிக்கொள்ளலாம், அதுதான் முறையாக இருக்கும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

வேப்பம்பூ உதிர்வதற்குள் தம்பி பரமபதம் அடைந்தான். அவன் அனுப்பிய மாவடு எங்கள் வீட்டு ஜாடியில் அப்பொழுதும் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்த வருஷப் பிறப்பு குறித்த நாளில் வந்தது. சென்று பேசுவதற்குரியவன் இல்லை.

அந்தக் கூடை எனக்கு இட்ட முதற்குறி. அதைவிடத் தெளிவான குறியை நான் எதிர்பார்த்தது அகந்தை. எம்பெருமான் ஒருவனிடம் சொல்ல நினைப்பதைப் பெரும்பாலும் பெரிய குரலில் சொல்வதில்லை. ஒரு குழந்தையின் கையில் கொடுத்து வாசலுக்கு அனுப்புகிறான்.

துயருற்றோர்க்கு வரும் வசந்தம்

இதைப் படிக்கும் அன்பர்களுள், "எங்கள் வாழ்வில் தளிரும் இல்லை, தென்றலும் இல்லை, இலை உதிர்ந்ததுதான் தெரிகிறது" என்று சொல்வோரும் இருக்கலாம். காலங்கடந்த பின் குறியை உணர்ந்தவன் என்ற முறையில், அவ்வன்பர்களோடு அடியேனும் நிற்கிறேன். நம்போன்றோர்க்காகவே ஆதிகவி வேறொரு நீர்க்கரையைக் காட்டியிருக்கிறார்.

கிஷ்கிந்தா காண்டம் பம்பைப் பொய்கைக் கரையில் தொடங்குகிறது. வசந்தம் அங்கே நிரம்பி வழிகிறது. மரங்கள் பூத்துச் சொரிகின்றன. பறவைகள் துணையோடு ஒலிக்கின்றன. அவற்றினிடையே பிராட்டியைப் பிரிந்த இராமபிரான் நின்று புலம்புகிறான். ஒவ்வொரு பூவும் அவனைச் சுடுகிறது. ஸர்வேசுவரனே வசந்தத்தின் முன் கண்ணீர் விட்டு நின்றான் என்றால், துயருற்ற நெஞ்சுக்கு வசந்தக் குறி இனிக்கவில்லை என்பது குற்றமாகுமா? ஆகாது. எவரும் தம் துயரத்தைக் குறித்து நாண வேண்டியதில்லை.

அடுத்து நிகழ்வதையும் காண வேண்டும். இளைய பெருமாள் தமையனைத் தேற்றுகிறான். ஊக்கத்தை இழக்கலாகாது என்று நினைவூட்டுகிறான். இராமபிரான் துயரை அடக்கிக்கொண்டு எழுந்து நடக்கிறான். துயரம் தீர்ந்து நடக்கவில்லை, துயரத்தோடேயே நடக்கிறான். அந்த நடையின் எதிரில்தான், ருசியமூகச் சாரலில், திருவடி என்று நாம் போற்றும் அனுமன் வருகிறான். பம்பைக் கரையில் வாட்டிய அந்த வசந்தத்திலேயே பிராட்டியைக் கண்டடையும் வழி திறந்தது. ஆனால் நின்று புலம்பிய இடத்தில் அன்று. நான்கு அடி எடுத்து வைத்த இடத்தில்.

அதே பம்பைக் கரையில்தான் சபரியும் காத்திருந்தாள். இராமன் வருவான் என்று முனிவர் கூறிச் சென்றனர். நாள் குறித்துத் தரவில்லை. அவள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. பம்பைக் கரையில் விளைந்த காட்டுப் பொருள்களை அவனுக்கென்று தேடிச் சேர்த்து வைத்திருந்தாள். அவள் சேர்த்த கனிகள் இராமனை அழைத்து வரவில்லை. அவன் தன் கருணையால் வந்தான். வந்தபோது அவள் கை வெறுமையாக இல்லை.

குடிமராமத்துக் கூடையும் சபரியின் கனியும் ஒரே நெறியைத்தான் கூறுகின்றன. அருள் நம் செயலுக்குக் கூலியன்று. நம் செயல், அருளை எதிர்நோக்கும் அன்பு எடுக்கும் வடிவம்.

பாகவத அன்பர்களே! திருவிழா முடிந்து நீங்கள் உங்கள் ஊர்களுக்குத் திரும்புவீர்கள். தீர்த்தமும் துளசியும் சடாரியும் பெற்ற நிறைவோடு வீட்டு வாசலை அடைவீர்கள். அங்கே உங்களுக்கென ஏதேனும் ஒரு சிறு குறி காத்திருக்கக்கூடும். நெடுநாள் பேசாதிருந்தவர் ஒருவர் தெருவில் கண்டு சற்றே தயங்கி நிற்கலாம். முதிய தாயார் தாமே கேட்காமல் ஒன்றை விரும்புவது முகத்தில் தெரியலாம். விட்டொழிக்க வேண்டிய பழக்கம் ஒன்று, ஒரு நாள் ஒரு பொழுது தானாகவே மறந்து போயிருக்கலாம். "இது போதுமா? இன்னும் தெளிவாகத் தெரியட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். புங்கமரம் காட்டும் முதல் தளிர் விரல் நுனி அளவுதான். கூடையில் நான்கு கற்கண்டு போட்டு அனுப்புவதற்கு அதுவே போதுமான காலம்.

கரையில்லாத இடத்தில் பெய்த மழையும் நல்ல மழைதான். ஓடிப் போய்விடும், அவ்வளவே. நம் நெஞ்சக் கரையின் உடைப்புகளை இந்தப் பருவத்திலேயே அடைத்து வைப்போம். பெய்விப்பவன் தன் திருவுள்ளப்படி பெய்விப்பான். அடைமழை இரவில் காவலுக்கு வில்லேந்தி வருபவனும் அவனே.

ஏரி காத்த இராமபிரான் நம் அனைவரையும் காத்தருள்வானாக.